மூடி மறைக்க அழைக்கப்பட்டவர்: ‘ஸ்மைலீஸ் பீப்பிள்’ நாவல் குறித்து

ஜான் லெ காரே எழுதி 1979இல் வெளிவந்த ‘ஸ்மைலீஸ் பீப்பிள்’ என்னும் ஆங்கில நாவலை அண்மையில் இணையத்தில் வாங்கிப் படித்து முடித்தேன். உளவுக் கதைகளைத் தேடிப் படிப்பவர்களுக்கு இது புதிய பெயரன்று. ஆயினும் மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்தில் வாழும் ஒருவருக்கு, வேறு ஊர் வாசகர் எளிதாகக் கடந்துவிடக்கூடிய சில பக்கங்கள் நெஞ்சில் தைக்கும். வாங்கலாமா என்று கேட்கும் நண்பர்களுக்காக அதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

கதையின் நாயகர் ஜார்ஜ் ஸ்மைலி, பிரிட்டிஷ் வெளிநாட்டு உளவுத்துறையிலிருந்து ஓய்வுபெற்றவர். குட்டையான, பருத்த உடல். தடித்த மூக்குக் கண்ணாடி. பிரிந்து வாழும் மனைவி. பழைய ஜெர்மானிய இலக்கியத்தில் ஆராய்ச்சி. ஓய்வுபெற்ற ஒற்றரை மறுபடியும் பணிக்கு அழைக்கும் கதை என்றவுடன், பரணிலிருந்து துப்பாக்கியை இறக்கித் துடைக்கும் வீரர் ஒருவரை நாம் எதிர்பார்ப்போம். இங்கே அப்படி எதுவும் இல்லை. நள்ளிரவில் தொலைபேசி ஒலிக்கிறது. அரசின் மேல்மட்டத்திலிருந்து லேகன் என்ற அதிகாரி அழைக்கிறார். லண்டனில் ஹாம்ப்ஸ்டெட் ஹீத் என்னும் பெரிய திடலில் ஒரு முதியவர் முகத்தில் சுடப்பட்டு இறந்து கிடக்கிறார். அவர் பெயர் விளாடிமிர். சோவியத் படையில் தளபதியாக இருந்துகொண்டே பிரிட்டனுக்கு உளவு சொன்ன எஸ்தோனியர்; பிற்பாடு லண்டனில் தஞ்சம் புகுந்து, பால்டிக் நாடுகளின் விடுதலைக்காக நடந்த ஒரு சிறு குழுவுக்குத் தலைவராக இருந்தவர். அவரை ஒரு காலத்தில் கையாண்டவர் ஸ்மைலி.

நாவலின் உயிர்நாடி, ஸ்மைலியை அழைப்பதற்கான காரணத்தில் இருக்கிறது. கொலையாளியைக் கண்டுபிடிப்பதற்காக அவரை அழைக்கவில்லை. இறந்தவருக்கும் துறைக்கும் இப்போது எந்தத் தொடர்பும் இல்லை என்று உறுதிசெய்து, பத்திரிகைகளுக்கு எட்டாதவாறு விவகாரத்தை மண்போட்டு மூடுவதற்காகவே அழைக்கிறார்கள். அதற்குப் பதவியில் இருப்பவரை விட ஓய்வுபெற்றவர் வசதி. ஏதேனும் பிசகினால், அவர் துறையின் ஆள் இல்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். இந்த அவமதிப்பை ஸ்மைலி முழுமையாக உணர்கிறார். உணர்ந்தே ஒப்புக்கொள்கிறார். ஏனென்றால் விளாடிமிர் சாவதற்குச் சில மணி நேரத்துக்கு முன் துறையின் எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்து, ஸ்மைலியின் பழைய புனைபெயரான மேக்ஸ் என்ற பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். தம்மிடம் இரண்டு ஆதாரங்கள் இருப்பதாகவும் சொல்லியிருக்கிறார். அழைப்பை எடுத்தவர் வேலைக்குச் சேர்ந்து அதிக நாளாகாத ஓர் இளைஞர். நாடிழந்தவர்களின் குழுக்களோடு இனி எந்த உறவும் கூடாது என்பது மேலிடத்தின் புதிய கொள்கை. கிழவர் பழங்கதை பேசுகிறார் என்று மேலே இருப்பவர்கள் அலட்சியமாக இருந்துவிட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். இங்கேதான் நம் கரை நினைவுக்கு வருகிறது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் தலைமன்னார்ப் பக்கமிருந்து படகேறி, தனுஷ்கோடியிலும் ராமேசுவரத்திலும் வந்திறங்கிய ஈழத்தமிழர்களை மண்டபம் முகாம் ஏற்றுக்கொண்ட காலத்தை இங்கே பலர் நேரில் கண்டிருக்கிறார்கள். இலங்கைப் பொருளாதாரம் சரிந்த 2022இல்கூட மணல்திட்டுகளில் இறக்கிவிடப்பட்டுக் கைக்குழந்தைகளோடு காத்து நின்றவர்களைப் பற்றிய செய்திகள் வந்தன. இப்படி வருபவர் ஒவ்வொருவரிடமும் கேள்வி கேட்கப்படும். அவரவர் சொல்லுவது ஒரு கோப்பில் ஏறும். ஒரு காலத்தில் அந்தத் தகவலுக்குப் பெரிய மதிப்பு இருந்தது. பிறகு கொள்கை மாறுகிறது, அதிகாரிகள் மாறுகிறார்கள், கோப்பு அலமாரியின் அடித்தட்டுக்குப் போகிறது. தகவல் சொன்னவர் மட்டும் அதே முகாமில், அதே குடியிருப்பு வரிசையில் கிழவராகிறார். விளாடிமிரின் வாடகை அறையை, அந்த வறுமையை, அங்கே அவர் விடாமல் காத்துவந்த இராணுவ மிடுக்கை லெ காரே வருணிக்கும் பக்கங்களை நான் நிறுத்தி நிறுத்தித்தான் படித்தேன். நாடிழந்தவரின் தன்மானத்தைப் பரிதாபம் கலக்காமல் எழுதுவது கடினம். அதை இவர் செய்திருக்கிறார்.

ஒற்றரை ஊரறியச் சிறப்புச் செய்யாதே, செய்தால் மறைவை நீயே வெளியிட்டவனாவாய் என்று ஒற்றாடல் அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் அரசனுக்கு அறிவுரை கூறுகிறார். விளாடிமிரின் சாவுக்கு மரியாதை செய்ய எவரும் முன்வராததை அந்தக் குறளைக் காட்டி லேகன் நியாயப்படுத்திவிடலாம். ஆனால் சிறப்புச் செய்யாமல் இருப்பது வேறு, செய்ந்நன்றி மறப்பது வேறு என்பதை இந்த நாவல் அளவுக்குத் தெளிவாகக் காட்டிய உளவுக் கதையை நான் படித்ததில்லை.

துப்பறியும் முறைக்கு ஒரு சான்று சொல்கிறேன். திடலில் காவல்துறைக் கண்காணிப்பாளர், இறந்தவரின் காலடித் தடங்களை விளக்கொளியில் ஸ்மைலிக்குக் காட்டுகிறார். முதியவர் கைத்தடி ஊன்றி நடந்திருக்கிறார். ஓரிடத்தில் தடியின் தடம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறுகிறது. ஏன் கை மாற்றினார் என்று காவலர் கேட்கிறார். ஸ்மைலி பதில் சொல்லாமல் இருந்துவிடுகிறார். பின்னர் தனியாகத் திரும்பி வந்து, அதே பாதையில் தானும் நடந்து, வழக்கமாகத் தடி பிடிக்கும் கை அந்த இடத்தில் வேறெதற்கோ தேவைப்பட்டிருக்க வேண்டும் என்று உணர்ந்து, ஒரு மரத்தில் ஒளித்து வைக்கப்பட்ட சிகரெட் பெட்டியைக் கண்டெடுக்கிறார். ஆதாரம் அதற்குள் இருக்கிறது. ஈர மணலில் காலடி பார்த்து, வந்தவன் சுமையோடு வந்தானா வெறுங்கையோடு வந்தானா என்று சொல்லக்கூடியவர்கள் நம் பகுதியில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் பக்கங்களைப் படித்துக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. ஹாம்பர்க் அருகே நீரில் நிற்கும் படகொன்றில் ஓட்டோ லைப்சிக் என்ற இன்னொரு பழைய உளவாளியைத் தேடிப் போகும் அத்தியாயமும் இதே தரத்தில் இருக்கிறது. படகிலிருந்து நீருக்குள் இறங்கும் ஒரு கயிற்றை ஸ்மைலி இழுத்துப் பார்க்கும் இடத்தில், தூண்டில் இழுக்கும் கைக்குத் தெரியும் அந்தப் பாரம் நமக்கும் தெரிகிறது. லெ காரே தாமே பிரிட்டிஷ் உளவுத்துறையில் பணியாற்றியவர். ஹாம்பர்க்கிலும் பணியில் இருந்திருக்கிறார். அந்தப் பரிச்சயம் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது.

எங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார். காவல்துறையின் நுண்ணறிவுப் பிரிவில் நெடுங்காலம் மப்டியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கதையை அவருக்குச் சுருக்கமாகச் சொன்னேன். “தம்பி, ரிட்டயர் ஆனவனக் கூப்பிடுறாங்கன்னா, ஃபைல்ல இல்லாத ஏதோ ஒண்ணு அவன் மண்டையில இருக்குன்னு அர்த்தம்” என்றார். இதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அவர் சொன்னதே நாவலின் நடுப்பகுதியை விளக்கப் போதும். துறையில் ஆய்வாளராக இருந்து விலகி, ஆக்ஸ்போர்டு அருகே நோயோடு போராடிக்கொண்டிருக்கும் கானி சாக்ஸ் என்ற மூதாட்டியிடம் ஸ்மைலி போகிறார். துறையின் ஆவணங்கள் சொல்லாதவற்றை, சோவியத் உளவுத்தலைவர் கார்லாவின் ஆட்கள் யார், அவர்களில் யார் யாருக்கு உறவு, எவர் எந்த ஆண்டில் எங்கே காணாமல் போனார் என்பவற்றையெல்லாம், அவர் நினைவிலிருந்து ஒவ்வொன்றாக உருவி எடுத்துத் தருகிறார். இரண்டு முதியவர்கள் உட்கார்ந்து பேசுவதைத் தவிர அங்கே வேறொன்றும் நடப்பதில்லை. நாவலின் மிகப் பரபரப்பான அத்தியாயம் அதுவே என்பேன்.

நம் நாட்டில் இத்தகைய பணியில் இருந்தவர்களின் எழுத்து குறைவாகவே கிடைக்கிறது. 2021இல் மத்திய அரசு ஓய்வூதிய விதிகளைத் திருத்தி, உளவு, பாதுகாப்பு அமைப்புகளில் இருந்து ஓய்வுபெற்றவர்கள் தங்கள் துறை சார்ந்த எதையும் முன் அனுமதியின்றி வெளியிடக் கூடாது என்று கட்டுப்பாட்டை இறுக்கியது. தேசப் பாதுகாப்பின் அவசியத்தை நான் மறுக்கவில்லை. லெ காரேகூடப் பணியில் இருந்தவரை சொந்தப் பெயரில் எழுத முடியாமல் புனைபெயர் வைத்துக்கொண்டவரே. டேவிட் கார்ன்வெல் என்பது அவருடைய இயற்பெயர். ஆனாலும் பாக் நீரிணையின் இரு கரைகளிலும் நாற்பதாண்டுகளாக நடந்தவற்றை, இந்த நாவல் அளவுக்கு மனிதர்களை மதித்து, புனைவாகவேனும் தமிழில் எவரேனும் எழுத வேண்டும் என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

குறைகளையும் சொல்ல வேண்டும். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் நடக்கும், முடிவுக்குச் சற்று முந்தைய பகுதி, பொறி வைத்து ஆளைப் பிடிக்கும் விறுவிறுப்போடு நகர்ந்தாலும், முன்பகுதியின் ஆழம் அதில் இல்லை. ஸ்மைலியின் மனைவி ஆன் வரும் பக்கங்கள் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரியான சோகத்தில் போய் முடிகின்றன. பாரிசில் தனியாக வாழும் ஆஸ்ட்ரகோவா என்ற ரஷ்யப் பெண்மணியை, மகளை விட்டுவிட்டு வந்த குற்றவுணர்ச்சியும் அதை மீறிய துணிவுமாக, முதல் அத்தியாயத்திலேயே இவ்வளவு உயிரோடு படைத்துவிட்டு, பின்னால் நெடுநேரம் கதைக்கு வெளியே நிறுத்திவைத்தது எனக்கு ஏமாற்றமே.

இவற்றைவிடப் பெரிய நெருடல் ஒன்று உண்டு. கதை தெரிந்துவிடக் கூடாது என்பவர்கள் இந்தப் பத்தியைத் தவிர்த்துவிடலாம். கார்லாவை வளைப்பதற்கு ஸ்மைலியின் கையில் கிடைக்கும் ஆயுதம், மனநோயுற்று மருத்துவமனையில் இருக்கும் கார்லாவின் மகள். தன் மகள்மீது வைத்த அன்பினால்தான் எதிரி முதல்முறையாக விதிகளை மீறியிருக்கிறான். அந்த அன்பையே ஸ்மைலி பிடியாகப் பற்றுகிறார். அவர் இதுவரை எந்தக் கொடுமையை எதிர்த்தாரோ அதையே கையில் எடுக்கிறார். இது அறமா என்று நாவல் வெளிப்படையாகத் தீர்ப்புச் சொல்வதில்லை. ஸ்மைலிக்கும் அந்த வெற்றி இனிக்கவில்லை. எனினும் அந்தப் பெண்ணின் பின்னாளைய வாழ்வைப் பற்றிக் கவலைப்பட எவரும் இல்லாமலே கதை முடிவது எனக்கு உறுத்தலாக இருந்தது. நாடிழந்த முதியவருக்குக் காட்டிய அக்கறையில் ஒரு பங்கை ஆசிரியர் அவளுக்கும் காட்டியிருக்கலாம்.

இனி வாங்குபவர்களுக்கு. ஆங்கிலம் எளிதன்று. வாக்கியங்கள் நீளமானவை, உளவுத்துறைக்கென்றே ஆசிரியர் உருவாக்கிய குழூஉச் சொற்கள் நிறைய வரும், தலைமை அலுவலகத்தையே ‘சர்க்கஸ்’ என்றுதான் சொல்லுவார்கள். முதல் ஐம்பது பக்கங்களைப் பொறுமையோடு கடந்துவிட்டால் பழகிவிடும். எனக்கு வந்த பதிப்பில் எழுத்து மிகப் பொடியாக இருந்தது. நாற்பது வயதைத் தாண்டியவர்கள் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ள வசதியுள்ள மின்னூலை வாங்குவது நல்லது. கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் உப்பு ஈரம் ஏறி, பசை வைத்து ஒட்டிய முதுகு இளகி, தாள்கள் கொத்தாகக் கழன்று வந்துவிடுகின்றன. எனது படி இப்போதே நடுவில் பிளந்துவிட்டது. தபாலில் வந்த கட்டின் முனைகளும் நசுங்கியிருந்தன. விற்றவரிடம் முறையிட்டும் பதில் இல்லை. இது நாவலின் குற்றமன்று. ஆனாலும் தீவுப் பகுதிக்கு வரவழைப்பவர்கள் கெட்டி அட்டைப் பதிப்பையோ மின்னூலையோ தேர்ந்தெடுக்கட்டும்.

இது மூன்று நாவல்கள் கொண்ட தொடரின் கடைசி. 1974இல் வந்த முதல் நாவலான ‘டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை’யைப் படித்துவிட்டு இதற்கு வருவது மிகவும் நல்லது. ஸ்மைலிக்கும் கார்லாவுக்கும் டெல்லிச் சிறையில் நடந்த பழைய சந்திப்பும், ஆன் பரிசளித்த சிகரெட் லைட்டர் கார்லாவின் கைக்குப் போன கதையும் அதில்தான் விரிவாக வருகின்றன. அவை தெரியாமல் இந்த நாவலின் கடைசிப் பக்கங்களுக்கு முழுப் பொருள் இல்லை. 1977இல் வந்த இரண்டாம் நாவல் பெரும்பாலும் ஹாங்காங்கிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் நடக்கிறது. நேரம் இல்லாதவர்கள் அதைப் பிறகு படித்துக்கொள்ளலாம். பிபிசி 1982இல் ஆறு பகுதிகளாக எடுத்த தொலைக்காட்சித் தொடரில் அலெக் கின்னஸ் ஸ்மைலியாக நடித்திருக்கிறார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் அழகுக்காகவே பார்க்கலாம் என்றாலும், நாவலைப் படிப்பதற்கு முன் பார்க்க வேண்டாம். திடலில் அந்தத் தடியின் தடத்தை ஸ்மைலியோடு சேர்ந்து நீங்களே கண்டுபிடிக்கும் வாய்ப்பு போய்விடும்.