உறைபனி நாட்டு டிடெக்டர் உப்பு மணலுக்கு உதவுமா?

ரொறன்ரோப் பக்கம் ஜனவரியில் மண் உறைந்து இறுகிவிடும். மண்ணுக்குள் உலோகம் தேடும் டிடெக்டருக்கு அது பொருட்டில்லை. உறைந்த மண்ணுக்குள் கிடக்கும் காசுக்கும் அது ஒலிக்கும். தோண்டும் கத்திதான் இறங்காது. ஆகவே குளிர்காலத்தில் ஊருக்கு வரும் உறவினர் சிலர், அங்கே சும்மா கிடக்கும் கருவியை நம் கடற்கரையில் தொலைந்த நகை தேடக் கொண்டுவரலாமா என்று கேட்கிறார்கள். அனுமதி வேண்டுமா என்று முதலில் சுங்கத்தில் விசாரியுங்கள். பிறகு கருவி எந்த வகை என்று பாருங்கள். மட்டக்களப்பில் மண் உறையாது. இங்கே தொல்லை கொடுப்பது உப்பு.

பலரிடம் இருப்பது ஒற்றை அதிர்வெண் கருவி. காரெட் ஏஸ் 400 அந்த வகை. 10 கிலோஹேர்ட்ஸில் இயங்குவது. கல்லடியில் அலை தொடாத உலர்ந்த மணலில் அதைக் குறை சொல்ல முடியாது. ஈரமணலில் கால் வைத்ததும் புலம்பத் தொடங்கிவிடும். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதால் அதையும் உலோகம் என்று எண்ணிக்கொள்கிறது. உணர்திறனைக் குறைத்தால் அடங்கும். ஆழத்தில் கிடக்கும் மோதிரமும் அதோடு தப்பிவிடும்.

அதற்கு நேர்மாறு துடிப்பு வகை. காரெட் சீ ஹன்டர் மார்க் 2 ஓர் உதாரணம். மின்துடிப்பை அனுப்பி, சற்றுத் தாமதித்தே செவிகொடுக்கும். அதற்குள் உப்புநீரின் மறுமொழி ஓய்ந்துவிடும். திருக்கோவில் பக்கத்துக் கருமணலிலும் தடுமாறாது. 65 மீற்றர் ஆழம்வரை நீரைத் தாங்கும். ஆனால் இரும்பையும் தங்கத்தையும் பிரித்தறிவதில் மிகவும் பலவீனம். ஞாயிறு கூட்டம் கலைந்த பாசிக்குடாவில் சோடா மூடி, ஆணி, தகரத்துண்டு எல்லாவற்றையும் தோண்ட வேண்டும். கடற்கரையைத் துப்புரவு செய்த புண்ணியம் கிடைக்கும்.

என் தேர்வு பல அதிர்வெண் வகை. மைன்லாப் எக்குவினொக்ஸ் 800 போன்றவை பல அதிர்வெண்களின் மறுமொழிகளை ஒப்பிட்டு உப்பின் பங்கைக் கழித்துவிடுகின்றன. 3 மீற்றர்வரை நீருக்குள்ளும் இறங்கலாம். ஆழத்தில் துடிப்பு வகைக்குச் சற்றுப் பின்தங்கினாலும், குப்பை நிறைந்த நம் கரைக்கு இதுவே பொருந்தும். என்ன உலோகம் என்று ஊகிக்கத் திரையில் தெரியும் எண்ணை மட்டும் வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துப் பொருள்கொள்ளாதீர்கள். அவர்கள் காட்டுவது பெரும்பாலும் 10, 14 கரட் மோதிரம். நம்முடையது 22 கரட். கலப்பு குறைவு, மின்கடத்தல் அதிகம். அதே அளவு மோதிரத்துக்கு எண் மேலே போகும். இரும்புக்கு ஒலிக்காதபடி கருவியை முழுவதும் வடிகட்ட வைத்தால் நம் சில்லறையும் போய்விடும். 2005இல் வந்த தொடரின் நாணயங்கள் முலாம் பூசிய எஃகு.

எந்த வகையானாலும் பழைய கோவில் வளவு, வயல், காடு பக்கம் கொண்டுபோக வேண்டாம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, தொல்பொருள் தேடித் தோண்ட உரிமம் தேவை. ‘ஸ்கேனர் இயந்திரத்துடன் கைது’ என்ற செய்தி நமக்குப் புதிதல்ல. போர் நடந்த மண் என்பதையும் மறக்க வேண்டாம்: வெடிபொருள் போல ஏதாவது தென்பட்டால் தொடாமல் விலகிப் பொலிசுக்குச் சொல்லுங்கள்.

வாடைக் காலத்தில் கடல் மணலை அரித்துக்கொண்டு போனபின், பாரமான பொருள்கள் மேலே வரும். தேட நல்ல காலம் அதுதான். தொலைந்தது மெல்லிய சங்கிலி என்றால் மூன்று வகையும் திணறும். கண்ணிகள் அவ்வளவு சிறியவை. விழுந்த இடம் தெரியுமானால் அரிதட்டோடு போவதே வேகமான வழி.