நெல்லைக்குப் புது அதிவேகத் தடமா, இருக்கிற தண்டவாளத்தில் மெமுவா, பஸ்ஸே போதுமா?

கல்லிடைக்குறிச்சியிலிருந்து திருநெல்வேலிக்கு ஒன்பது வருஷமாகத் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன். முதலில் பைக், அப்புறம் பஸ், இப்போது நாலு வருஷமாக ரயில் சீசன் டிக்கெட். எங்கள் பெட்டியில் வழக்கமாக வருகிற பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து போன மாதம் ஒரு மனு எழுத உட்கார்ந்தோம். செங்கோட்டை, தென்காசி, அம்பை, நெல்லை, திருச்செந்தூர், தூத்துக்குடி, நாகர்கோவில் என்று இத்தனை ஊர்களுக்கிடையே தினமும் போய் வருகிறவர்களுக்கு ஒழுங்கான வண்டி வேண்டும் என்பதில் எல்லாரும் ஒரே கட்சி. எப்படிப்பட்ட வண்டி என்பதில்தான் மூன்றாகப் பிரிந்தோம். டெல்லி மீரட் மாதிரி தூண்மேல் ஓடும் புதுத் தடம் கேட்போம் என்றது ஒரு பக்கம். இருக்கிற பாதையிலேயே மெமு, அதாவது தனி எஞ்சின் இல்லாமல் மின்சாரத்தில் ஓடும் ரயில், கேட்போம் என்றது இன்னொரு பக்கம். ரயிலை விடுங்கள், பஸ்ஸைக் கூட்டச் சொல்லுங்கள் என்றார்கள் மீதிப் பேர். நான் கையெழுத்துப் போட்டது மெமுவுக்கு. அதனால் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் எழுதுவேன்.

முதலில் அந்தப் புதுத் தடம். டெல்லி மீரட் பாதை 82 கிலோமீட்டர். 2019இல் ஒப்புதல் கொடுத்தபோது மதிப்பீடு 30,274 கோடி ரூபாய். 2023 அக்டோபரில் முதல் பகுதி ஓட ஆரம்பித்தது. மணிக்கு 160 கிலோமீட்டர் வேகம். நான் அதில் ஏறியதில்லை. ஏறி வந்தவர்கள் ஆடாமல் அசையாமல் போகிறது, நேரம் தவறுவதில்லை என்கிறார்கள், நம்புகிறேன். ஆனால் கிலோமீட்டருக்குச் சுமார் 370 கோடி. தென்காசியிலிருந்து நெல்லை வழியாகத் தூத்துக்குடிக்கு ரோட்டை ஒட்டிப் போட்டால் நூறு கிலோமீட்டர் வரும். அதே கணக்கில் 37,000 கோடி. 2011 கணக்கெடுப்பில் நெல்லை மாநகராட்சியின் ஜனத்தொகை நாலே முக்கால் லட்சம்தான். நம் மாநில அரசு 2025இல் இந்த வகைத் தடத்துக்குச் சாத்தியக்கூறு ஆய்வு அறிவித்ததும் சென்னை விழுப்புரம், சென்னை வேலூர், கோவை சேலம் ஆகிய மூன்று வழிகளுக்குத்தான். தெற்கே ஒன்றும் இல்லை. அதற்காக வருத்தப்படலாம், எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் அந்த வரிசையில் போய் நின்றால் நம் முறை வருவதற்குள் என் மகள் ஓய்வு பெற்றுவிடுவாள்.

பணத்தை விட எனக்கு உறுத்தியது வேறு ஒன்று. அந்தத் தடம் ஸ்டாண்டர்டு கேஜ், இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே உள்ள அகலமே வேறு. நம்முடைய பிராட் கேஜ் தண்டவாளத்தில் அந்த வண்டி ஓடாது, நம் வண்டி அதில் ஓடாது. மீட்டர் கேஜை எடுத்துவிட்டு அகலப் பாதை போட்ட காலத்தில் தென்காசித் தடம் சில வருஷம் மூடிக் கிடந்தது; 2012இல்தான் மறுபடி வண்டி வந்தது. கேஜ் மாறினால் என்ன பாடு என்று இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். போதாக்குறைக்கு, நேர்கோட்டில் வேகமாகப் போகும் தடம் ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியாகப் போய்விடும். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பை, ஆழ்வார்குறிச்சி எல்லாம் விட்டுப்போகும். ரோட்டில் ஐம்பத்துச் சொச்சம் கிலோமீட்டரில் முடிகிற தென்காசி, ரயிலில் 72 கிலோமீட்டர் ஆவதற்குக் காரணமே நூறு வருஷத்துக்கு முன் பாதை போட்டவர்கள் ஆற்றங்கரை ஊர்களைத் தொட்டுக்கொண்டு போனதுதான். சுற்றுதான். அந்தச் சுற்றில்தான் நாங்கள் குடியிருக்கிறோம்.

பஸ்ஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லாருக்கும் தெரிந்த கதை. ஒன்று போனால் பின்னாலேயே இன்னொன்று வரும், வீட்டுப் பக்கத்தில் இறங்கலாம், 2021லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. தென்காசியிலிருந்து ஆலங்குளம் வழியாக நேரே நெல்லை போகிறவருக்குப் பஸ்தான் சரி, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. தூத்துக்குடிக்கும் அப்படித்தான், ரயில் வடக்கே மணியாச்சிக்குப் போய் அங்கிருந்து திரும்பிக் கீழே இறங்க வேண்டும், நாலுவழிச் சாலையில் பஸ் அதற்குள் பாதித் தூரம் போயிருக்கும். ஆனால் அம்பைப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குப் பஸ் என்றால் ஒவ்வொரு ஊர்க் கடைத்தெருவிலும் நின்று, ஊர்ந்து, கடைசியில் நகரத்துக்குள் மாட்டிக்கொள்கிற சமாச்சாரம். சில வருஷம் அதில் போனதில் என் இடுப்பு சொன்னதை நான் கேட்டுக்கொண்டேன்.

இனி மெமு. இப்போது நான் போகும் பாசஞ்சர், எஞ்சின் இழுக்கிற பழைய பெட்டி வண்டி. ஒருமுறை குடும்பத்தோடு திருச்செந்தூர் போனபோது பிளாட்பாரத்தில் நின்று முழுதாகப் பார்த்தேன். வண்டி வந்து நிற்கிறது. ஒரு ஊழியர் பெட்டிகளுக்கும் எஞ்சினுக்கும் நடுவே குனிந்து இறங்கி, பிரேக் குழாயைப் பிரிக்கிறார், புஸ்ஸென்று காற்று போகிறது. கொக்கியைக் கழற்றுகிறார். எஞ்சின் தனியாக முன்னே போய், பக்கத்துத் தடத்தில் திரும்பி வந்து, மறு முனையில் மெதுவாக வந்து இடிக்கிறது. அங்கே மறுபடி கொக்கி, மறுபடி குழாய், காற்று ஏறும்வரை காத்திருப்பு, பிரேக் சோதனை. என் மகள் முழு ஐஸ்கிரீமையும் தின்று முடித்துவிட்டாள். மெமுவில் இந்த வேலையே கிடையாது. இரண்டு முனையிலும் டிரைவர் அறை இருக்கிறது. டிரைவர் பையை எடுத்துக்கொண்டு அந்த முனைக்கு நடந்து போனால் போதும், வண்டி திரும்பப் புறப்படலாம். அது மட்டுமில்லை, நடுநடுவே மோட்டார் பெட்டிகள் இருப்பதால் நின்று எடுக்கும்போது சட்டென்று வேகம் பிடிக்கும். ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஒரு ஊர் வருகிற நம் தடத்தில் உச்ச வேகம் எவ்வளவு என்பது பேச்சே இல்லை, எத்தனை சீக்கிரம் கிளம்புகிறது என்பதுதான் பேச்சு. மின்கம்பி ஏற்கெனவே தென்காசித் தடத்திலும் திருச்செந்தூர்த் தடத்திலும் வந்துவிட்டது.

ஆனால் மெமு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்கிறவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. மனுவில் நான் பிடிவாதமாக முதல் இடத்தில் போடச் சொன்னது வண்டியை அல்ல, கிராசிங்கை, அதாவது எதிரெதிரே வரும் இரண்டு ரயில்கள் ஒதுங்கிக் கடக்கிற வசதியை.

ஒரு நாள் சாயங்காலம் நடந்ததைச் சொல்கிறேன். நெல்லையில் ஏறி, பேட்டை தாண்டி, சேரன்மகாதேவியில் வண்டி நின்றது. வீட்டுக்கு இன்னும் மூன்றாவது ஸ்டேஷன். எதிர்வண்டி வர வேண்டும். எஞ்சின் சத்தம் அடங்கி, மேலே மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. எதிர் சீட்டு டீச்சர் பையிலிருந்து பிச்சிப்பூவை எடுத்து மடியில் கொட்டிக் கட்ட ஆரம்பித்தார். இரண்டு பேர் இறங்கிச் சிகரெட்டுக்குப் போனார்கள். டீச்சர் கட்டிய சரம் ஒரு முழம் ஆனது, ஒன்றரை ஆனது. தூரத்தில் விளக்கு தெரிந்தது. பச்சைக் கொடியோடு ஒருவர் வந்து நின்றார். எதிர்வண்டி தடதடவென்று வந்து போனது. அதற்கப்புறம்தான் எங்களுக்கு சிக்னல். இருபத்திரண்டு நிமிஷம். அந்த இருபத்திரண்டு நிமிஷத்தை 160 கிலோமீட்டர் வேக வண்டியும் மிச்சம் பிடித்திருக்காது, ஏனென்றால் அது வேகத்தில் போன நேரம் இல்லை.

ஒற்றைப் பாதை என்றால் இதுதான் விதி. எதிர்வண்டியை ஒதுங்கவிட இரண்டாவது தடம் இருக்கிற ஸ்டேஷனில் மட்டும்தான் இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று கடக்க முடியும். பல சின்ன ஊர்களில் ஒரே பிளாட்பாரம், ஒரே தடம், அங்கே கிராசிங் கிடையாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கிராசிங் வசதியுள்ள இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே 18 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நின்று நின்று போகிற வண்டிக்குச் சராசரி 50 கிலோமீட்டர் வேகம் என்றால் கடக்க 22 நிமிஷம். அது போய்ச் சேர்ந்த பிறகுதான் எதிர்வண்டி கிளம்பலாம், அதற்கு ஒரு 22. தடம் மாற்றி சிக்னல் கொடுக்க இரண்டு பக்கமும் இரண்டு இரண்டு நிமிஷம். மொத்தம் 48. அதாவது எத்தனை புது மெமு வாங்கி நிறுத்தினாலும், ஒரு திசையில் 48 நிமிஷத்துக்கு ஒரு வண்டிக்கு மேல் விட முடியாது. அதுவும் எல்லாம் நேரத்துக்கு ஓடினால். நடுவில் ஒரு எக்ஸ்பிரஸ் வந்தால் அதற்குத்தான் முதல் வழி, பாசஞ்சர் ஒதுங்கித்தான் நிற்கும்.

அதே 18 கிலோமீட்டரின் நடுவில் ஒரு ஊரில் இன்னொரு தடமும் இரண்டாவது பிளாட்பாரமும் போடுங்கள். பகுதி ஒன்பது கிலோமீட்டர் ஆகிவிடும். 11, 11, 4, மொத்தம் 26 நிமிஷம். அரை மணிக்கு ஒரு வண்டி! ஒரு வண்டியை விட்டால் அடுத்ததற்கு அரை மணி நேரம்தான் என்றால் ஜனங்கள் அட்டவணை பார்க்க மாட்டார்கள், பஸ்ஸுக்குப் போகிற மாதிரி ஸ்டேஷனுக்கு நடந்து வருவார்கள். இப்போது காலையில் ஒன்றைத் தவறவிட்டால் அரை நாள் சம்பளம் போய்விடும். அதனால்தான் எங்கள் தெருவில் பாதிப் பேர் ரயில் பக்கமே வருவதில்லை. வண்டி நன்றாக இல்லை என்பதற்காக அல்ல. மதுரையிலிருந்து நெல்லை வழியாக நாகர்கோவில் போகும் தடம் இரட்டைப் பாதையாகிவிட்டது, மணியாச்சி தூத்துக்குடியும் அப்படியே. முதுகெலும்பு தயார். தென்காசி, திருச்செந்தூர் என்ற இரண்டு கைகளுக்கும்தான் இந்தக் கிராசிங் தேவை. புதுத் தடத்துக்கு நிலம் எடுப்பதோடு ஒப்பிட்டால், ரயில்வே இடத்துக்குள்ளேயே முக்கால் கிலோமீட்டர் தண்டவாளமும் சிக்னலும் போடுவது எவ்வளவு சின்ன வேலை!

பராமரிப்பு விஷயத்தில் மட்டும் மெமுவுக்கு ஒரு இடக்கு. நெல்லையில் சாதாரணப் பெட்டிகளை அடியில் இறங்கிப் பார்க்கப் பள்ளம் வெட்டிய தடம், பிட் லைன், உண்டு. மெமுவுக்கு அதற்கென்று ஷெட் வேண்டும். பக்கத்தில் இருப்பது கொல்லத்தில். தொடக்கத்தில் அங்கே அனுப்பிச் சமாளிக்கலாம். நாலைந்து வண்டி ஆனால் நெல்லையிலேயே ஒரு ஷெட் கேட்டாக வேண்டும்.

எதிர்த் தரப்புச் சொன்னதில் எனக்குப் பதில் இல்லாத இடங்களும் உண்டு. 2023 டிசம்பர் 17. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னை கிளம்பிய எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது, நூற்றுக்கணக்கானவர்கள் இரண்டு நாள் அங்கே மாட்டிக்கொண்டார்கள். தண்டவாளத்துக்குக் கீழே மண்ணே இல்லாமல் அந்தரத்தில் தொங்கிய படத்தை எல்லாரும் பார்த்தோம். தூண்மேல் போகிற பாதைக்கு அந்தக் கதி வந்திருக்காது என்று நண்பர் சொன்னபோது நான் தலையாட்டத்தான் செய்தேன். பழைய பாதையை நம்புவதென்றால் கரையை உயர்த்தி, பாலங்களின் வாயை அகலப்படுத்தித்தான் ஆக வேண்டும். பாளையங்கோட்டைப் பக்கம் குலவணிகர்புரம் ரயில்வே கேட்டும் அப்படித்தான். இப்போதே அங்கே கேட் போட்டால் வண்டிகள் தெரு முழுக்க நிற்கும். அந்தக் கேட் வழியாக மெமுவும் கூடினால், மேம்பாலம் இல்லாமல் பாளையங்கோட்டைக்காரர்கள் எங்களைச் சும்மா விடமாட்டார்கள்.

ஆலங்குளத்திலிருந்து வருகிற அண்ணாச்சி ஒருவர், எங்கள் ஆபீசுக்குப் பக்கத்தில் பாத்திரக் கடை வைத்திருப்பவர், மனுவை வாங்கிப் படித்துவிட்டுக் கேட்டார்: "எங்க ஊர்ப் பக்கம் தண்டவாளமே கெடையாதே தம்பி. ஒங்க மெமு வந்தா எனக்கு என்ன கெடைக்கும்?"

"ஒங்க பஸ்ல எங்க ஆட்கள் கூட்டம் இருக்காது அண்ணாச்சி" என்றேன்.

"எங்க பஸ்ல ஒங்க ஆட்கள் எப்ப ஏறுனாங்க? அது அம்பை பஸ்ஸுல்லா" என்றார். அவர் சொன்னதுதான் சரி. ஆலங்குளத்துக்கு இந்த மனுவில் ஒன்றும் இல்லை. அவருக்காகத்தான் கடைசியில் ஒரு வரி சேர்த்தோம்: பாவூர்சத்திரம் ஸ்டேஷனிலிருந்து ஆலங்குளத்துக்கு, வண்டி வரும் நேரத்தை ஒட்டி இணைப்பு பஸ் விட வேண்டும் என்று. அவர் அதைப் படித்துவிட்டு, கையெழுத்துப் போடாமல், "இரவு கடைசி வண்டிக்கும் சேத்து எழுதுங்க, நான் கடை அடைக்க ஒம்பதரை ஆயிரும்" என்றார். டீச்சர் பேனாவை வாங்கி அதையும் எழுதினார். அதற்கப்புறம்தான் அண்ணாச்சி கையெழுத்துப் போட்டார்.