எல்பி120எக்ஸ்யூஎஸ்பி: இசைத்தட்டைக் கணினியில் ஏற்ற இந்த மெஷின் போதுமா?

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அலுமாரிக்கு மேலே கிடக்கும் இசைத்தட்டுகளைக் கணினியில் ஏற்ற நினைப்பவர்களின் கண்ணில் முதலில் படுவது சூட்கேஸ் வடிவிலான மலிவுப் பிளேயர்தான். அதை வாங்கவே வேண்டாம். ஊசியைத் தாங்கி அதன் அசைவை மின்சார ஒலியாக மாற்றும் பகுதிதான் காட்ரிட்ஜ்; பெரும்பாலானவற்றில் இருப்பது மலிவான செரமிக் வகை. ஊசி 5 கிராம் அளவுக்குத் தட்டை அழுத்தும், அதைக் குறைக்க வழியும் இருக்காது. வேறு பிரதி கிடைக்காத தட்டில் அந்த ஊசியை இறக்குவது பாவம்.

ஓடியோ-டெக்னிகாவின் எல்பி120எக்ஸ்யூஎஸ்பி என்ற இசைத்தட்டுப் பிளேயர் விலை கூடியது, ஆனால் கொடுக்கும் காசுக்குப் பெறுமதி. பெல்ட் இல்லை, மோட்டார் நேரடியாகவே சுழற்றுகிறது. நிமிடத்துக்கு 33⅓, 45, 78 சுற்று என்று மூன்று வேகமும் உண்டு. கூடவே வரும் விஎம்95ஈ காட்ரிட்ஜின் ஊசி நீள்வட்ட முனை கொண்டது. யூஎஸ்பி வழியாக 16 பிட், 44.1 அல்லது 48 கிலோஹேர்ட்ஸில் ஒலி வரும். ஒலியின் நுணுக்கத்துக்கு 16 பிட் காணாது என்று சிலர் குறை சொல்வார்கள். தட்டு செய்யப்பட்ட வைனில் பிளாஸ்டிக்கின் சொந்த இரைச்சலே 16 பிட்டின் இரைச்சலைவிட மிக உயரத்தில் இருக்கிறது. ஆகவே 24 பிட்டில் பதியும் தனிப் பெட்டிக்குக் கொடுக்கும் பணத்தை ஊசிக்குக் கொடுங்கள். இதே காட்ரிட்ஜில் ஊசியை மட்டும் கழற்றிவிட்டு பள்ளத்தில் இன்னும் நுணுக்கமாகப் பொருந்தும் மைக்ரோலைன் ஊசியைச் செருகலாம். தட்டின் நடுப்பகுதிக்குக் கிட்டவாக, கடைசிப் பாட்டில் வரும் கரகரப்பு நன்றாகக் குறையும். 78 வேகத்தில் ஓடும் பழைய தட்டுக்குப் பள்ளம் அகலம், ஆகவே 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) ஊசி கட்டாயம்.

மெஷினைப் பொருத்தும்போது அவசரப்படக் கூடாது. பின்பக்க எடையைத் திருகி, ஊசியைத் தாங்கும் பிளேயரின் கை அந்தரத்தில் மட்டமாக நிற்கும்வரை சரிசெய்யுங்கள். எடையை அசைக்காமல் எண் வளையத்தை மட்டும் 0க்குக் கொண்டுவந்து, பிறகு இரண்டையும் சேர்த்து 2 கிராமுக்குத் திருப்புங்கள். கை தட்டின் நடுப்பக்கம் இழுபடுவதை ஈடுசெய்யும் ஆன்டி-ஸ்கேட் திருகும் 2. பாரம் குறைந்தால் பள்ளத்துக்கு நல்லது என்று 1.5இல் வைப்பவர்கள் உண்டு. அப்போதுதான் ஊசி துள்ளிப் பள்ளத்தின் சுவரை இடிக்கும். வேகத்தைப் பூட்டும் குவார்ட்ஸ் பொத்தான் எரிகிறதா என்றும் பாருங்கள், எரியாவிட்டால் பிட்ச் நெம்புகோல் சுருதியை மாற்றிவிடும்.

எங்கள் பக்கத்தில் தட்டுக்கு எதிரிகள் இரண்டு: வாடைக் காலத்துப் பூஞ்சணமும் கச்சான் காற்றின் தூசியும். பூஞ்சணத்தை உலர்ந்த துணியால் தேய்த்தால் பள்ளத்துக்குள்தான் போகும். காய்ச்சி வடித்த நீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மென்மையான தூரிகையால் பள்ளத்தின் போக்கிலேயே கழுவி, வெறும் வடித்த நீரால் அலசி, நிழலில் காய வையுங்கள். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், காய்ந்தபின் உப்பு படியும். 78 தட்டுகள் அரக்கினால் ஆனவை. மதுசாரம் பட்டால் கரைந்துவிடும்.

கணினியில் ஒடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருள் போதும். விண்டோஸ் சில நேரம் இந்த யூஎஸ்பி இணைப்பை ஒரு சானல் மைக்காக எடுத்துக்கொள்ளும். ஒலி அமைப்புக்குள் போய் 2 சானல், 16 பிட், 44100 என்று மாற்றி, 'மேம்பாடுகள்' எல்லாவற்றையும் நிறுத்துங்கள். தட்டில் ஆகச் சத்தமான இடத்தை ஓடவிட்டு, உச்சம் -6 டெசிபெலில் நிற்குமாறு மட்டத்தை வையுங்கள். 0ஐத் தொட்டு வெட்டுப்பட்ட ஒலியை எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியாது. இரைந்தால் முதலில் லப்டொப்பின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், பல வேளைகளில் எர்த் கோளாறுதான். பதியும்போது ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு ஹெட்போனில் கேளுங்கள். ஸ்பீக்கரின் அதிர்வு மேசை வழியாக ஊசிக்கே திரும்பி வரும்.

60களின் சினிமாத் தட்டுகள் பெரும்பாலும் மோனோ, அதாவது இரு பக்கமும் ஒரே ஒலி. பதிந்தபின் இரு சானலையும் ஒன்றாக்குங்கள்: ஊசி மேலும் கீழும் ஆடுவதால் பிறக்கும் இரைச்சல் தானாகக் கழிந்துபோகும். இரைச்சல் நீக்கியைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை, அந்த நீக்கி ஜால்ராவின் மினுக்கத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். 'டிக்' சத்தத்துக்கு மட்டும் கிளிக் நீக்கியை, அந்த இடத்தைத் தெரிவுசெய்து போடுங்கள்.

சேமிக்கும்போது தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் வடிவம். சுருக்காத ஸ்டீரியோ ஒலி நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி பிடிக்கும், ஃபிளாக்கில் ஏறக்குறைய பாதி. எம்பி3 போனுக்கு மட்டும்.