உவர் வயலுக்கு நெல்லா, இறுங்கா?

திருகோணமலையின் கொட்டியாரக் குடாவை ஒட்டிய மூதூர், கிண்ணியாப் பக்க வயல்களில் உப்பு ஏறினால் எதை விதைப்பது?

தாங்கும் சக்தியை மட்டும் பார்த்தால் இறுங்கு (சோர்கம் என்ற தானியம்) தான். மண்ணின் உப்பை அளப்பது மண்சாற்றின் மின்கடத்துதிறனை வைத்து. அது மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே நெல் விளைச்சல் குறையத் தொடங்கும். 6 வந்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். இறுங்கு 6.8 வரை நிற்கும். சோடியத்தின் பெரும்பகுதியை வேரிலும் தண்டின் அடியிலும் பிடித்து வைத்து, இலைக்கு அதிகம் ஏறவிடாது.

ஆனால் நெல்லை அவசரப்பட்டுத் தள்ளிவிடாதீர்கள். முளைக்கும்போதும் மட்டம் வெடிக்கும்போதும் (அடியிலிருந்து பக்கத் தூர் கிளைக்கும்போதும்) அது உப்பை ஓரளவு தாங்கும். நாற்றுப் பருவமும் பூக்கும் பருவமும்தான் ஆபத்து. அப்போது உப்புப் பட்டால் பதர் கூடும். அப்புறம், வயலில் தேங்கும் நல்ல தண்ணீர் வடிகால் இருந்தால் உப்பைக் கீழே கழுவிவிடும். இறுங்குக்கு அந்த வசதி இல்லை, தேங்கும் நீரில் அது வாடும்.

ஆகவே மாரி மழை கிடைக்கும் பெரும்போகத்தில் நெல்லையே விதைப்பேன், அதுவும் பொக்காலி என்ற கேரளத்து உவர் நெல்லின் வழி வந்த ஏ.டி. 354 போன்ற உவர் தாங்கும் இனத்தை. தண்ணீர் குறைந்து உப்பு மேலே பூக்கும் சிறுபோகத்தில், மேட்டு வயலுக்கு இறுங்கு.