பணம் செலுத்திய பிறகு வரும் ஆண்டுகள்: ஒழுங்குமுறைக்கு உட்பட்ட கிரவுட்ஃபண்டிங்கில் ஒரு சிறு முதலீட்டாளரின் அனுபவம்

புத்தொழில் நிறுவனங்களில் சிறு தொகைகளை இணையத் தளங்கள் வழியாக முதலீடு செய்யும் முறையை, அமெரிக்காவின் ‘ரெகுலேஷன் கிரவுட்ஃபண்டிங்’ விதிகளின் கீழ், சில ஆண்டுகளாகத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். இம்முறையைப் பற்றி எழுதப்படுபவற்றில் பெரும்பாலானவை பணம் செலுத்தும் நாளோடு முடிந்துவிடுகின்றன. பணம் சென்ற பிறகு நிறுவனம் ஆண்டுதோறும் என்ன சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது, அப்போது முதலீட்டாளரின் கையில் எஞ்சியிருக்கும் உரிமைகள் எவை என்பவற்றைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஒரு முதலீடு தகுந்ததுதானா என்பதை எனக்குக் காட்டியவை அந்தப் பிந்தைய ஆண்டுகளே என்பதால், அவற்றுக்குக் கூடுதல் இடம் கொடுத்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கிக்ஸ்டார்ட்டர் போன்ற தளங்களில் பணம் கொடுப்பவர் ஒரு பொருளை எதிர்பார்த்துக் கொடுக்கிறார். நிறுவனத்தில் அவருக்குப் பங்கு கிடையாது. 2012-ல் ஆக்குலஸ் ரிஃப்ட் என்ற மெய்நிகர் காட்சிக் கருவிக்காக 9,500-க்கும் மேற்பட்டோர் அத்தளத்தில் சுமார் 24 லட்சம் டாலர் கொடுத்தார்கள். 2014-ல் ஃபேஸ்புக் அந்நிறுவனத்தை ஏறத்தாழ 200 கோடி டாலருக்கு வாங்கியபோது, அந்த ஆதரவின் பேரில் அவர்களுக்கு எந்தப் பங்கும் சேரவில்லை; சேர வேண்டும் என்ற சட்டக் கடமையும் இருக்கவில்லை. முதலீட்டு கிரவுட்ஃபண்டிங்கில் நாம் வாங்குவது பத்திரம். அது பங்காக இருக்கலாம், கடனாக இருக்கலாம், வருவாயில் ஒரு பகுதியைப் பெறும் உரிமையாக இருக்கலாம். பத்திரம் என்று ஆகிவிட்டால், அதை விற்பவர் பங்குச் சந்தைச் சட்டங்களுக்குக் கட்டுப்பட்டாக வேண்டும்.

அமெரிக்காவில் இதற்கு வழிவகுத்தது, 2012 ஏப்ரல் 5 அன்று அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட ஜாப்ஸ் சட்டம். பங்குப் பரிவர்த்தனை ஆணையமான எஸ்.இ.சி. அதற்கான விதிகளை வகுத்து நடைமுறைக்குக் கொண்டுவர 2016 மே 16 வரை ஆயிற்று. தொடக்கத்தில் ஒரு நிறுவனம் 12 மாதங்களில் 10 லட்சம் டாலர் வரை மட்டுமே திரட்ட முடிந்தது. 2021 மார்ச் முதல் அந்த வரம்பு 50 லட்சம் டாலர். இவ்விதிகளுக்கு முன்னர், செலவு மிகுந்த முழுப் பதிவு நடைமுறையைக் கடக்காத ஒரு சிறு நிறுவனம் பொதுமக்களிடம் பங்கு விற்க ஏறக்குறைய வழியே இல்லாதிருந்ததால், தொடக்கநிலை முதலீடு என்பது செல்வந்தர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் மட்டுமே நுழையக்கூடிய இடமாக இருந்தது.

சாதாரண வருமானம் உள்ளவருக்கு இவ்விதிகள் ஒரு வரம்பை வைக்கின்றன. ஆண்டு வருமானம், நிகரச் சொத்து மதிப்பு ஆகிய இரண்டில் ஏதேனும் ஒன்று 1,24,000 டாலருக்குக் குறைவாக இருந்தால், இவ்விரண்டில் எது பெரிதோ அதன் 5 சதவீதம் அல்லது 2,500 டாலர், இவற்றில் எது அதிகமோ அதுவரை 12 மாதங்களில் முதலீடு செய்யலாம். இரண்டுமே அந்த அளவை எட்டியிருந்தால் 10 சதவீதம் வரை, அதிகபட்சம் 1,24,000 டாலர் வரை செல்லலாம். 60,000 டாலர் வருமானமும் 40,000 டாலர் சொத்தும் உடையவருக்கு ஆண்டுக்கு 3,000 டாலர் என்று வைத்துக்கொள்ளலாம். இது ஒரு நிறுவனத்துக்கான வரம்பு அன்று. இவ்விதிகளின் கீழ் வாங்கும் அனைத்தையும் சேர்த்த வரம்பு. குடியிருக்கும் வீட்டின் மதிப்பைச் சொத்தில் சேர்க்கக் கூடாது. வளர்ந்தவர்களுக்கு அரசு ஏன் வரம்பு போட வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். முழுத் தொகையும் போய்விடும் வாய்ப்பு உண்மையாகவே உள்ள ஒரு முதலீட்டில், குடும்பத்தின் சேமிப்பு காப்பாற்றப்படுவது மற்ற எல்லா வாதங்களையும்விட முக்கியம் என்பதே என் உறுதியான கருத்து.

பணம் செலுத்தும் நடைமுறை நன்றாகவே அமைக்கப்பட்டிருக்கிறது. தளம் எஸ்.இ.சி.யில் பதிவு செய்து, ஃபின்ரா என்ற சுயஒழுங்குமுறை அமைப்பின் உறுப்பினராகவும் இருக்க வேண்டும். ‘ஃபண்டிங் போர்ட்டல்’ என்ற வகையில் பதிவு பெற்ற தளம் முதலீட்டு ஆலோசனை வழங்கக் கூடாது. முதலீட்டாளரின் பணத்தைத் தன்னிடம் வைத்திருக்கவும் கூடாது. பணம், திரட்டல் முடியும்வரை அதைக் காத்துவைக்கும் தகுதி பெற்ற மூன்றாம் தரப்பின் எஸ்க்ரோ கணக்குக்குச் செல்கிறது. குறித்த இலக்குத் தொகை சேராவிட்டால் முழுவதும் திரும்பி வருகிறது. ஆவணங்கள் குறைந்தது 21 நாள் பொதுப் பார்வையில் இருந்தாக வேண்டும். இறுதிக் கெடுவுக்கு 48 மணி நேரம் முன்பு வரை, காரணம் எதுவும் சொல்லாமல் முதலீட்டை ரத்து செய்துகொள்ளலாம். திரட்டலின் நடுவே முக்கியமான மாற்றம் ஏதும் நேர்ந்தால், ஐந்து வேலை நாட்களுக்குள் நாம் மீண்டும் சம்மதம் தெரிவிக்க வேண்டும்; தெரிவிக்காவிட்டால் முதலீடு தானாகவே ரத்தாகும். இந்த ரத்து உரிமையை நான் பயன்படுத்தியிருக்கிறேன். கேள்விபதில் பகுதியில் வேறொரு முதலீட்டாளர் ஒப்பந்தத்தின் கால அளவைப் பற்றிக் கேட்க, நிறுவனர் கொடுத்த பதில் ஆவணத்தில் இருந்த வாசகத்தோடு பொருந்தவில்லை. ரத்து செய்த தொகை சில நாட்களில் குறைவின்றித் திரும்பி வந்தது.

இந்த அவகாசத்தின் அருமையை மற்ற நாடுகளின் விதிகளும் உணர்ந்திருக்கின்றன. 2016-ல் பிரிட்டனின் மோன்சோ வங்கி, கிரவுட்கியூப் தளத்தில் 10 லட்சம் பவுண்டை 96 விநாடிகளில் திரட்டியது. அந்த வேகத்தில் ஆவணம் படிக்க நேரம் ஏது? பிரிட்டனில் இப்போது ஒரு தளத்தில் முதன்முறையாக முதலீடு செய்பவர் 24 மணி நேரம் காத்திருந்தே ஆக வேண்டும். 2021 நவம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள், அனுபவமற்ற முதலீட்டாளருக்கு நான்கு நாள் சிந்தனைக் காலம் தருவதுடன், அவருடைய அறிவைச் சோதிக்கும் வினாக்களையும், இழப்பைத் தாங்கும் திறனை அவரே கணக்கிட்டுப் பார்க்கும் ஏற்பாட்டையும் கட்டாயமாக்கியுள்ளன. அங்கே முதலீட்டுத் தகவல் தாள் ஆறு பக்கங்களைத் தாண்டக் கூடாது என்றும் விதி உண்டு. அமெரிக்க ஆவணங்களின் நீளத்தைப் பார்க்கும்போது அந்த விதியின் மேல் எனக்கு மதிப்புக் கூடுகிறது.

அமெரிக்க முறையில் நிறுவனம் எஸ்.இ.சி.யிடம் தாக்கல் செய்யும் ‘படிவம் சி’தான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். தளத்தின் பக்கத்தில் காணொளியும் வண்ணப் படங்களும் இருக்கும். அவற்றை விட்டுவிட்டு, எஸ்.இ.சி.யின் ‘எட்கர்’ தரவகத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் இப்படிவத்தை எடுத்துவைத்துக்கொண்டு படிப்பதே என் வழக்கம். அதில் நான் முதலில் செல்லும் இடம் நிதியறிக்கைகள். அவை யாரால் சரிபார்க்கப்பட்டன என்பதைப் பொறுத்து அவற்றின் நம்பகத்தன்மை மாறுகிறது. 1,24,000 டாலர் வரை திரட்டும் நிறுவனத்துக்குத் தலைமை நிர்வாகியின் சான்றுறுதியே போதும். அதற்கு மேல் 6,18,000 டாலர் வரை தனிக் கணக்காளரின் மீளாய்வு வேண்டும். அதையும் தாண்டினால் முழுத் தணிக்கை வேண்டும். முதன்முறை திரட்டுபவர்களுக்கு மட்டும் 12,35,000 டாலர் வரை மீளாய்வு போதும் என்ற சலுகை உண்டு. மீளாய்வு என்பது தணிக்கை ஆகாது: அதில் கணக்காளர் வங்கி இருப்பைத் தனியாக உறுதிசெய்துகொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை.

அடுத்துப் பார்ப்பது, திரட்டும் பணம் எங்கே செல்கிறது என்ற பகுதி. தளத்தின் கட்டணம் போக மீதியில் பெரும்பங்கு பழைய கடனை அடைக்கவும் நிறுவனர்களின் நிலுவைச் சம்பளத்துக்கும் செல்கிறதென்றால், நம் பணம் வளர்ச்சிக்குச் செல்லவில்லை என்று பொருள். நெருங்கியவர்களுடனான பரிவர்த்தனைகள் என்ற பகுதியும் அவ்வாறே கூர்ந்து படிக்கத்தக்கது. நிறுவனருக்குச் சொந்தமான இடத்துக்கு நிறுவனம் வாடகை கொடுக்கிறதா, உறவினரின் நிறுவனத்துக்குப் பணி ஒப்பந்தம் போயிருக்கிறதா என்பவை அங்கேதான் வெளிப்படும். இடர்ப்பாடுகள் பற்றிய பகுதி நீளமானதாக இருந்தாலும் பெரும்பாலும் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான வாசகங்களே அதில் இருக்கும். அந்த நிறுவனத்துக்கு மட்டும் உரிய வாக்கியம் ஒன்றோ இரண்டோ நடுவில் இருக்கும். அவற்றைத் தேடிப் படிக்க வேண்டும்.

ஆவணங்களை எஸ்.இ.சி. முன்கூட்டி ஆராய்ந்து ஒப்புதல் வழங்குவதில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பதிவாகியிருப்பதை அரசின் பரிந்துரையாகச் சிலர் எண்ணிக்கொள்கிறார்கள். 2021 செப்டம்பரில் அந்த ஆணையம் இவ்விதிகளின் கீழ் தனது முதல் மோசடி வழக்கைத் தொடுத்தது: ஏறத்தாழ 20 லட்சம் டாலர் திரட்டப்பட்ட அந்த விவகாரத்தில், திரட்டலை நடத்தியவர்களோடு, அதை நடத்த இடம் கொடுத்த பதிவு பெற்ற தளத்தின் மீதும் குற்றச்சாட்டு வைக்கப்பட்டது. தளங்கள் வாயிற்காவலர்களாக இருக்க வேண்டியவை என்பதை அவ்வழக்கு எல்லாத் தளங்களுக்கும் உணர்த்தியது.

இனி, கையில் கிடைக்கும் பத்திரம். பல நிறுவனங்கள் தருவது ‘சேஃப்’ என்ற ஒப்பந்தம்; 2013-ல் ஒய் காம்பினேட்டர் என்ற புத்தொழில் வளர்ப்பு நிறுவனம் உருவாக்கியது. இது பங்கும் அன்று, கடனும் அன்று. பின்னொரு நாள் நிறுவனம் பெரிய முதலீட்டாளர்களிடம் விலை குறித்துப் பங்கு விற்கும்போது நமக்கும் பங்கு தருவதாகச் சொல்லும் உறுதிமொழி. நம் பங்கின் விலையைக் கணக்கிட நிறுவனத்தின் மதிப்புக்கு வைக்கப்படும் மேல்வரம்பே உச்ச மதிப்பீடு. ஒரு கோடி டாலர் உச்ச மதிப்பீட்டில் 1,000 டாலர் போட்டிருந்து, அடுத்த சுற்றுப் பங்கு விற்பனை இரண்டு கோடி டாலர் மதிப்பீட்டில் நடந்தால், புதியவர்கள் கொடுக்கும் விலையில் ஏறக்குறையப் பாதிக்கு நமக்குப் பங்கு கிடைக்கும். அடுத்த சுற்று நடக்காவிட்டால்? வட்டி இல்லை, முதிர்வு நாள் இல்லை, வாக்குரிமை இல்லை. நிறுவனம் லாபத்தோடு அமைதியாக நடந்துகொண்டே இருந்தாலும் நமக்கு எதுவும் வராமல் போகலாம். மேலும், தளங்களில் புழங்கும் சில வடிவங்களில், அடுத்த சுற்று நடந்தாலும் அப்போதே பங்காக மாற்றுவதா வேண்டாமா என்பதை நிறுவனமே முடிவு செய்துகொள்ளலாம் என்ற வாசகம் இருக்கிறது. சிறு முதலீட்டாளருக்கு மிகவும் பாதகமான வாசகம் இதுவே என்று கருதுகிறேன். ஆகையால் இப்போதெல்லாம் நேரடிப் பங்கையோ, வருவாயிலிருந்து மாதந்தோறும் அல்லது காலாண்டுதோறும் திருப்பித் தரும் கடன்பத்திரத்தையோதான் பெரிதும் தேர்ந்தெடுக்கிறேன்.

திரட்டல் முடிந்த பிறகு நிறுவனத்துக்கு உள்ள முதன்மையான கடமை, நிதியாண்டு முடிந்த 120 நாட்களுக்குள் ‘சி-ஏ.ஆர்.’ என்ற ஆண்டறிக்கையைத் தாக்கல் செய்வது. டிசம்பரில் ஆண்டை முடிக்கும் நிறுவனங்களுக்கு அது ஏப்ரல் இறுதியில் வரும். இந்த முறையின் மிகப் பலவீனமான கண்ணி இங்கேதான் இருக்கிறது. நான் முதலீடு செய்த நிறுவனங்களில் சில ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் அறிக்கை தந்தன. சில முதல் ஆண்டு தந்துவிட்டுப் பின்னர் நின்றன. ஒன்று அறிக்கையே தராமல், கேட்டு எழுதிய மின்னஞ்சலுக்கும் பதில் அளிக்காமல், பிறகு இயக்கத்தை நிறுத்திக்கொண்டது. அறிக்கை தராத நிறுவனம், விடுபட்டவற்றைத் தாக்கல் செய்யும்வரை இதே விதிகளின் கீழ் மீண்டும் பணம் திரட்ட முடியாது என்பது நடைமுறையில் உள்ள முக்கியத் தண்டனை. மீண்டும் திரட்டும் எண்ணமே இல்லாத நிறுவனத்தை அது எப்படிக் கட்டுப்படுத்தும்? சட்டப்படியே அறிக்கைகளை நிறுத்திக்கொள்ளவும் வழிகள் உள்ளன: குறைந்தது ஓர் ஆண்டறிக்கை தந்து, பதிவிலுள்ள பத்திரதாரர்கள் 300-க்கும் குறைவாக இருந்தால் போதும், அல்லது மூன்று ஆண்டுகள் அறிக்கை தந்து மொத்தச் சொத்து ஒரு கோடி டாலரைத் தாண்டாமல் இருந்தால் போதும்.

நிறுவனர்களின் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. நான் முதலீடு செய்த ஒரு நிறுவனத்தின் நிறுவனர், ஆண்டறிக்கை தயாரிக்கும் செலவு தம்மைப் போன்ற சிறு குழுவுக்குப் பெரும் சுமை என்றும், ஆனாலும் வாடிக்கையாளர்களே பங்குதாரர்கள் ஆனதால் புதிய தயாரிப்பைச் சோதித்துப் பார்க்கவும் பிறருக்கு அறிமுகப்படுத்தவும் தமக்கு ஆட்கள் கிடைத்தார்கள் என்றும் எழுதியிருந்தார். நூற்றுக்கணக்கான சிறு பங்குதாரர்களைப் பார்த்துப் பெரிய முதலீட்டாளர்கள் தயங்குவதும் உண்டு. எல்லோரையும் ஒரே இடைநிலை நிறுவனத்தின் கீழ்த் திரட்டி, பதிவேட்டில் ஒற்றைப் பெயராகக் காட்ட 2021 முதல் விதி இடம் தருவதால், அந்தத் தயக்கம் ஓரளவு குறைந்திருக்கிறது. இதை முயல எண்ணும் நிறுவனர்கள், தளம் தானாகவே முதலீட்டாளர்களைக் கொண்டுவந்து சேர்க்கும் என்று நம்பக் கூடாது. நான் கவனித்தவரை, முதல் வாரத்தில் வரும் பணம் பெரும்பாலும் நிறுவனத்தை ஏற்கெனவே அறிந்தவர்களிடமிருந்தே வருகிறது. அப்படி எவரும் வராத திரட்டல்கள் பிறகு எழுந்து நிற்பது அரிது.

வெளியேறும் வழி குறுகலானது. முதல் ஓராண்டில் நிறுவனத்துக்கோ, தகுதி பெற்ற செல்வந்த முதலீட்டாளருக்கோ, குடும்பத்தாருக்கோ தவிர விற்க முடியாது. அதற்குப் பிறகு விற்கலாம் என்றாலும் வாங்க ஆள் வேண்டும். இதுவரை எனக்குத் திரும்பி வந்த பணத்தில் பெரும்பகுதி வருவாய்ப் பங்கீட்டுக் கடன்பத்திரங்களிலிருந்து வந்தது. ஒரு சேஃப் ஒப்பந்தம் பங்காக மாறியிருக்கிறது. அதன் மதிப்பு காகிதத்தில் உயர்ந்திருக்கிறது, கைக்கு வரவில்லை. நின்றுபோன நிறுவனத்தில் போட்டது முழுவதும் போயிற்று. இம்முடிவுகளைப் பார்த்த பிறகும் இம்முறையைத் தொடர்கிறேன். ஒரு சிறு நிறுவனத்தின் கணக்கை உள்ளே சென்று படிக்கவும், அதன் வளர்ச்சியில் உரிமையோடு பங்கெடுக்கவும் சாதாரண வருமானக்காரருக்குக் கிடைத்துள்ள இந்த இடம் மிகுந்த மதிப்புடையது என்று மனமார நம்புகிறேன். ஓர் ஆண்டில் இழந்தாலும் தாங்கக்கூடிய தொகைக்கு மேல் போடுவதில்லை.

தளங்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. ஒரு நிறுவனம் இரண்டாம் முறை திரட்ட வரும்போது, அதன் முந்தைய ஆண்டறிக்கைகள் எந்தெந்தத் தேதியில் தாக்கல் செய்யப்பட்டன, கெடுவுக்குள் வந்தனவா, பழைய முதலீட்டாளர்களின் பத்திரங்கள் இப்போது என்ன நிலையில் உள்ளன என்பவற்றைக் காணொளிக்கு மேலே, முதல் பார்வையிலேயே காட்ட வேண்டும். அத்தகவல்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே எட்கரில் பொதுவில் இருப்பவை. எடுத்துக் காட்டுவதற்குப் புதிய விதி எதுவும் தேவையில்லை. நான் பயன்படுத்தும் தளங்களுக்கு இதை எழுதி அனுப்பியிருக்கிறேன். இம்முறையைப் பயன்படுத்தும் மற்றவர்களும் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.