விடெக் ஹெட் என்று சொல்லி 64,000 ரூபாயை ஏமாற்றிவிட்டான்: பழைய இன்ஜின் பாகம் வாங்குகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

நேற்று ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. இதை எழுதும்போதும் ஆத்திரம் அடங்கவில்லை. என் காருக்கு ஹெட், அதாவது இன்ஜினின் மேலே வால்வுகள் உட்காருகிற அலுமினியப் பாகம், வாங்கப் போய் ஏமாந்தேன். 64,000 ரூபாய். வீட்டிலேயே பழைய காரைப் பிரித்துக் கட்டுகிறவர்கள், ஆன்லைனில் பழைய இன்ஜின் பாகம் தேடுகிறவர்கள் எல்லாரும் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். என்ன நடந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

எனக்கு ஊர் காவேரிப்பட்டணம். மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் பாய்லர் ஷிஃப்ட் பார்க்கிறேன். என்னிடம் இருப்பது 2001 மாடல் ஹோண்டா சிட்டி 1.5 விடெக். விடெக் என்பது இன்ஜின் வேகம் ஏறும்போது வால்வுகளை இன்னும் அதிகமாகத் திறக்க வைக்கிற ஹோண்டாவின் ஏற்பாடு. இந்த வண்டியை ஓட்டியவர்களுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. இந்தியாவில் 1998இல் வந்த முதல் சிட்டியில், பிறகு இந்த விடெக் இன்ஜினை வைத்தார்கள். 106 குதிரைத்திறன். 2003 கடைசியில் வந்த அடுத்த சிட்டியில் 77தான். பழைய விடெக்கை நாங்கள் இன்னும் தேடித் தேடி வாங்குவதற்கு அதுதான் காரணம். ஆர்.பி.எம். ஏறி, உள்ளே ஆயில் பிரஷர் சின்ன ஊசி மாதிரி ஒரு பின்னைத் தள்ளி, ராக்கர்கள் (வால்வை அழுத்தித் திறக்கிற கைகள்) மூன்றும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டதும் சத்தம் மாறும் பாருங்கள், அதற்காகத்தான் இத்தனை பாடும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் ரேடியேட்டர் மேல் ஹோஸ் வெடித்துவிட்டது. பின்னால் வரிசையாக லாரி. ஓரம் கட்ட இடம் கிடைப்பதற்குள் இன்ஜின் காய்ந்துவிட்டது. கழற்றிப் பார்த்தால் ஹெட் வளைந்திருந்தது, எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுகளுக்கு நடுவில் விரிசல். வளைவு மட்டும் என்றால் ரீஃபேஸ் பண்ணிவிடலாம், அதாவது அடிப்பக்கத்தைச் சீவி மட்டமாக்கிவிடலாம். இந்த இன்ஜினுக்கு 0.05 மி.மீ. வரை வளைவு இருந்தால் அப்படியே விடலாம், 0.2 மி.மீ. வரை சீவலாம். விரிசலுக்கு வேறு ஹெட்தான்.

சரி, பிரித்ததுதான் பிரித்தோம், முழுசாகக் கட்டிவிடலாம் என்று இறங்கினேன். வீட்டுக்குப் பின்னால் அப்பா மாங்காய்க் கூடை அடுக்கி வைத்திருந்த தகரக் கொட்டகையைக் காலி செய்து கொடுத்தார். இன்ஜின் பிளாக்கை ஓசூரில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்து, சிலிண்டர்களை 0.25 மி.மீ. பெரிதாக்கி ரீபோர் செய்தேன். 75 மி.மீ. போர், இப்போது 75.25. அந்த லேத்காரர் ஒவ்வொரு சிலிண்டரையும் என் கண் முன்னாலேயே போர் கேஜ் வைத்து அளந்து காட்டினார். வேலை செய்கிறவர் அப்படி இருக்க வேண்டும். கீழ்ப்பக்கத் துருவை வெட்டி எடுத்து டிங்கர் வேலை முடித்தாயிற்று. புஷ், ஸ்ட்ரட், பிரேக் ஹோஸ் எல்லாம் புதுசு. ஹெட் ஒன்றுதான் பாக்கி.

விடெக் ஹெட் லேசில் கிடைக்காது. சென்னையில் பழைய வண்டிப் பாகம் விற்கிற புதுப்பேட்டையில் நண்பர் மூலம் கேட்டுப் பார்த்தேன், இல்லை. அப்போதுதான் பழைய பொருள் வாங்கி விற்கிற ஒரு செயலியில் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். ஹெட், கேம் (ராக்கர்களை இயக்குகிற தண்டு), விடெக் சொலினாய்டு (விடெக்குக்கு ஆயிலைத் திறந்துவிடுகிற மின் வால்வு), டிஸ்ட்ரிபியூட்டர், இன்டேக் மேனிஃபோல்டு, ஈ.சி.யூ. (இன்ஜினின் கம்ப்யூட்டர்) என்று முழு செட். பெங்களூரில் பழைய இன்ஜின் கடை வைத்திருப்பதாகப் போட்டிருந்தான். விலை பேசி 64,000இல் வந்து நின்றது.

நான் எப்படி நம்பினேன் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏனென்றால் நீங்களும் அப்படித்தான் நம்புவீர்கள்.

முதல் போனிலேயே தமிழில் பேசினான். "அண்ணா, எங்கம்மாவுக்குப் பாலக்கோடுங்கண்ணா, நீங்க நம்ம பக்கம்" என்றான். வீடியோ காலில் வந்து வால்வு கவரைத் திறந்து காட்டினான். கேமை ஸ்பேனர் போட்டு மெதுவாகத் திருப்பினான். இன்டேக் பக்கம் ஒரு சிலிண்டருக்கு மூன்று ராக்கர் இருப்பதை நான் எண்ணிப் பார்த்தேன். நான்கு சிலிண்டருக்கும் எண்ணினேன். சொலினாய்டைக் கழற்றி உள்ளே இருக்கிற சல்லடையைக் காட்டச் சொன்னேன். தயங்காமல் கழற்றிக் காட்டினான். சல்லடை சுத்தமாக இருந்தது. கடைசியாக, நான் கேட்காமலேயே ஒரு வெள்ளைத் தாளில் என் வண்டி நம்பரை ஸ்கெட்ச் பேனாவில் எழுதி, ஹெட் மேல் வைத்து ஃபோட்டோ எடுத்து அனுப்பினான். "இது இனிமே உங்களுதுண்ணா, வேற யாருக்கும் காட்ட மாட்டேன்" என்றான்.

அந்தத் தாள்தான் என்னைக் கவிழ்த்தது. என் வண்டி நம்பர் அந்த அலுமினியத்தின் மேல் இருப்பதைப் பார்த்ததும் மனசுக்குள் இன்ஜினைக் கட்டி ஸ்டார்ட்டே பண்ணிவிட்டேன். "நூறு கிலோமீட்டர்தானே, ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வந்து பணம் கொடுங்களேன்" என்று என் மனைவி இரண்டு முறை சொன்னாள். சீசன் நேரம், ஃபேக்டரியில் தோத்தாபுரி லாரி வரிசையில் நிற்கிறது, லீவு கிடைக்காது. அதனால் போகவில்லை. அவள் சீட்டு எடுத்து வைத்திருந்த பணத்திலிருந்து 24,000 அட்வான்ஸ் அனுப்பினேன். லாரி பார்சல் ரசீதை ஃபோட்டோ அனுப்பியதும் மீதி 40,000. மொத்தம் 64,000.

பார்சல் கிருஷ்ணகிரிக்கு வந்தது. கையெழுத்துப் போட்டு, வாடகை கட்டின பிறகுதான் பெட்டியைத் தொட விடுவோம் என்றார்கள். போட்டேன். வீட்டுக்கு வந்து ஆணியைப் பிடுங்கித் திறந்தேன்.

மேலே பழைய செய்தித்தாள். அதுக்குக் கீழே ஒரு ஹெட். திருப்பிப் பார்த்தவுடனே வயிறு கலங்கிவிட்டது. இன்டேக் பக்கம் மூன்று ராக்கர் இல்லை, இரண்டுதான். சொலினாய்டு உட்காருகிற இடமே ஹெட்டில் இல்லை. விடெக் அல்லாத சாதா சிட்டியின் ஹெட். அதுவாவது நன்றாக இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். மூன்றாவது சிலிண்டரில் வால்வு சீட்டுக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. நகத்தால் கீறினேன், பொருக்கு மாதிரி உதிர்ந்தது. எபாக்ஸி பசை. விரிசலில் பசையை அப்பி, மேலே உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறான். ஈ.சி.யூ. இல்லை, டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை, மேனிஃபோல்டு இல்லை. எடை வருவதற்காக அடியில் இரண்டு பழைய பிரேக் டிஸ்க் கிடந்தது.

உடனே போன் போட்டேன். "அய்யய்யோ, பையன் பெட்டியை மாத்தி ஏத்திட்டான்ணா, உங்க ஹெட் இங்கேயே இருக்கு, நாளைக்கே அனுப்பறேன்." மறுநாள், "லாரி ஸ்டிரைக்குண்ணா." அதற்கு மறுநாள், "ஓனர் ஊருக்குப் போயிருக்காரு." அதுவரை கடை தன்னுடையது என்று சொன்னவன் அவன்தான். அப்புறம் பணத்தைத் திருப்பித் தருகிறேன், அக்கவுண்ட் நம்பர் அனுப்புங்கள் என்றான். அனுப்பினேன். திங்கட்கிழமை வரும், புதன்கிழமை வரும் என்று ஒன்பது நாள் இழுத்தான். பத்தாவது நாள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். மனைவி நம்பரிலிருந்து அடித்தேன். என் குரலைக் கேட்டதும் கன்னடத்தில் ஏதோ சொல்லி வைத்துவிட்டான்.

செயலிக்காரர்களிடம் புகார் செய்தேன். பணம் எங்கள் மூலம் செலுத்தப்படவில்லை, எனவே நாங்கள் பொறுப்பல்ல என்று இரண்டு வரி பதில். மறுபடி கேட்டேன், அதே இரண்டு வரி. விளம்பரத்தையாவது எடுங்கள் என்று எழுதினேன். பதிலே இல்லை, விளம்பரம் இன்றைக்கும் இருக்கிறது, அதே ஃபோட்டோ, அதே ஹெட். பார்சல் ஆபீஸில் "சார், நீங்க கையெழுத்துப் போட்டாச்சே" என்றார்கள். பேங்கில், நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள் என்றார்கள்.

முந்தாநாள் லீவு போட்டு பஸ் ஏறி பெங்களூர் போனேன். அவன் கொடுத்த முகவரியில் இருப்பது ஒரு தையல் கடை. அந்த அம்மா பன்னிரண்டு வருஷமாக அங்கேதான் இருக்கிறாராம். இதே மாதிரி கேட்டுக்கொண்டு வந்தவன் நான் மூன்றாவது ஆள் என்று சொல்லி, உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

நேற்று 1930க்கு அழைத்து சைபர் கிரைம் புகார் பதிந்தேன். எடுத்தவர் கேட்ட முதல் கேள்வி, எப்போது பணம் அனுப்பினீர்கள் என்பதுதான். தேதியைச் சொன்னேன். சீக்கிரம் சொல்லியிருந்தால் அந்தக் கணக்கிலேயே பணத்தை நிறுத்தி வைக்க வழி இருந்திருக்கும் என்றார். அந்த ஒன்பது நாளை நினைத்தால்தான் எனக்கு ஆறவே இல்லை. 64,000 ரூபாய். ராத்திரி ஷிஃப்ட் பார்த்துக் கட்டின சீட்டுப் பணம். மனைவி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். வீடியோ காலை நம்பாதீர்கள், அவன் காட்டுவது ஒன்று, ஏற்றுவது ஒன்று. தாளில் உங்கள் நம்பரை எழுதி வைப்பதையும் நம்பாதீர்கள். நேரில் போக முடியாவிட்டால் வாங்காதீர்கள். போகும்போது ஒரு ஸ்டிரெய்ட் எட்ஜும் (வளையாத நேர்ச்சட்டம்) ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகள்) கொண்டுபோய் ஹெட்டின் அடிப்பக்கத்தை அங்கேயே அளந்து பாருங்கள். வால்வு சீட்டுகளுக்கு நடுவில் நகத்தால் கீறிப் பாருங்கள். பார்சலில் வந்தால் ஆணியைப் பிடுங்குவதிலிருந்து வீடியோ எடுங்கள், நான் எடுக்கவில்லை. சந்தேகம் வந்த அந்த நிமிஷமே 1930. "நாளைக்கு அனுப்பறேன்" என்றால் காத்திருக்காதீர்கள்.

கிருஷ்ணகிரி, தர்மபுரி, ஓசூர் பக்கம் யாரிடமாவது நல்ல விடெக் ஹெட் இருந்தால் சொல்லுங்கள். நானே வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன். அளந்து பார்த்த பிறகுதான் பணம் தருவேன், தப்பாக நினைக்க வேண்டாம்.