தோக்கு ரிப்பேருக்கு எங்கே போவது: உள்ளூரா, மதுரையா, திருவனந்தபுரமா?

தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கிற ஒரு ஊசிக்காக எட்டு மாதம் காத்திருந்தவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன். வீட்டில் இருப்பது பாட்டா, அதாவது தாத்தா, வாங்கிய இரட்டைக்குழல் 12 போர் துப்பாக்கி. விளவங்கோடு பக்கம் நாங்கள் துப்பாக்கியை இன்னும் தோக்கு என்றுதான் சொல்லுவோம். 1956 நவம்பரில் குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டது, இந்தச் சொல் மட்டும் திருவிதாங்கூரிலேயே நின்றுகொண்டது. அப்பா தவறிய பிறகு வாரிசு என்ற முறையில் என் பெயருக்கு லைசென்ஸ் வரும்வரை அது ஒரு டீலரிடம் டெபாசிட்டில் கிடந்தது, வருடத்துக்கு இரண்டு பருவமழை பெய்கிற மாவட்டத்தில் எண்ணெய் தொடாமல் கிடந்த இரும்பு எப்படி இருக்குமோ அப்படித்தான் வெளியே வந்தது. வலது குழலில் தோட்டா வெடித்தது. இடது குழலில் டிக் என்ற சத்தம் மட்டும். தோட்டாவை எடுத்துப் பார்த்தால் பின்பக்கக் கேப்பில் கொசு கடித்த மாதிரி லேசான ஒரு தடம்.

அவ்வளவுதான் கோளாறு. தேய்ந்த ஊசி ஒன்று, சோர்ந்துபோன ஸ்பிரிங் ஒன்று.

இந்தக் காலத்தில் உனக்குத் தோக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மரச்சீனி (மரவள்ளி) போட்டவனுக்குக் காட்டுப்பன்றியைத் தெரியும். ஆனால் லைசென்ஸ் இருப்பதால் பன்றியைச் சுடலாம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், தமிழ்நாட்டில் அது வனத்துறையின் வேலை, 2025 ஜனவரியில் அறிவித்த ஏற்பாட்டிலும் சுடுவது அவர்கள்தான், விவசாயி அல்ல. களியக்காவிளை தாண்டினால் கதை வேறு, கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களே உத்தரவு போட்டு லைசென்ஸ் உள்ளவர்களை வைத்துச் சுட வைக்க முடியும். என்னுடையது பாட்டாவின் சாமான், அதனால் வைத்திருக்கிறேன். வைத்திருப்பது என்றால் ஓடுகிற நிலையில் வைத்திருக்க வேண்டும், அதுதான் என் பிடிவாதம்.

முதலில் உள்ளூர் ஆளிடம் போனேன். மார்த்தாண்டத்திலிருந்து பக்கம், முறையான லைசென்ஸ் உண்டு, வயது எழுபதுக்கு மேல், அப்பாவைத் தெரியும். 2023 டிசம்பரில் கொடுத்தேன். தோக்கை மடக்கி ஒரு கண்ணை மூடிக் குழலுக்குள் பார்த்தார், பிறகு சுவரில் தொங்கிய தினசரி காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, ராகுகாலத்துக்கும் எமகண்டத்துக்கும் கீழே இருந்த வெற்றிடத்தில் ‘தோக்கு 1, இடது ஊசி, அட்வான்ஸ் 500’ என்று எழுதிக் கொடுத்தார். “வெள்ளிக்கிழமை வா மக்கா, தீர்த்து வைக்கேன்.”

எந்த வெள்ளிக்கிழமை என்று நான் கேட்கவில்லை. என் தப்பு.

ஒரு வெள்ளி அவருக்குக் கால்வலி, ஒரு வெள்ளி பேத்தி கல்யாணம், ஒரு வெள்ளி ஸ்பிரிங் கம்பி கிடைக்கவில்லை, ஒரு வெள்ளி கடையே பூட்டிக் கிடந்தது, இன்னொரு வெள்ளி கடை திறந்திருந்தது, அவரும் இருந்தார், சாயா வாங்கிக் கொடுத்து அப்பாவின் பெருமையை ஒரு மணி நேரம் சொல்லி அனுப்பினார். கோபப்படவும் முடியாது. அதுதான் உள்ளூர் ஆளிடம் உள்ள பெரிய சிக்கல், மதுரைக் கடைக்காரரிடம் போனில் கத்தலாம், அப்பாவை அண்ணாச்சி என்று கூப்பிட்டவரிடம் எப்படிக் கத்துவது?

இடையில் லேத் பட்டறையில் கேட்டுப் பார்க்கலாமா என்று புத்தி போனது. எங்கள் ஊரில் ரப்பர் ஷீட் அடிக்கிற மெஷினுக்கு ரோலர் கடைகிற பையன் ஒருவன் இருக்கிறான், தங்கமான கை, இந்த ஊசியை ஒரு சாயா குடிக்கிற நேரத்தில் கடைந்துவிடுவான். அவனே கையெடுத்துக் கும்பிட்டான். “அண்ணே, இது நமக்கு வேண்டாம், போலீஸ் கேஸ் ஆவும்.” அவன் சொன்னது சரி. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் தயாரிப்பதற்கும் விற்பதற்கும் மட்டுமல்ல, ரிப்பேர் பார்ப்பதற்கும் லைசென்ஸ் வேண்டும். அதனால் லேத் பட்டறை இந்த ஒப்பீட்டில் சேராது, எவ்வளவு நல்ல கையாக இருந்தாலும் சேராது.

பேருந்து தக்கலை தாண்டி புலியூர்குறிச்சியில் போகும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக்காரர் டிலனாய், மார்த்தாண்ட வர்மாவின் படைக்குப் பயிற்சி கொடுத்து, அந்த உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே பீரங்கி வார்க்கும் பட்டறை நடத்தினார், கல்லறையும் அங்கேயே இருக்கிறது. பீரங்கி வார்த்த ஊர்ப்பக்கம் ஒரு ஊசிக்கு நான் அலைகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். 2024 மார்ச் 16 அன்று தேர்தல் அறிவித்தார்கள். எங்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலோடு விளவங்கோடு சட்டமன்ற இடைத்தேர்தலும் ஏப்ரல் 19 அன்றே. வழக்கம்போல ஸ்டேஷனிலிருந்து போன், துப்பாக்கியைக் கொண்டுவந்து ஒப்படையுங்கள். துப்பாக்கி ரிப்பேரில் இருக்கிறது என்றேன். அப்படியானால் டீலர் ரசீது கொண்டுவாருங்கள் என்றார்கள். நான் காலண்டர் தாளைக் கொண்டுபோனேன். ஸ்டேஷன் ரைட்டர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார், பின்பக்கத்தில் ஒரு பொன்மொழி இருந்தது, அதையும் வாசித்தார். “இதில் உங்க பேரும் இல்ல, தோக்கு நம்பரும் இல்ல. எந்தத் தோக்கு சார் இது?” அவரைக் குறை சொல்ல முடியாது. அன்றைக்கே கடைக்கு ஓடி, ஒரு வெள்ளைத்தாளில் லைசென்ஸ் எண், குழலில் வெட்டியிருக்கும் எண், கொடுத்த தேதி எல்லாம் எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கித் திரும்புவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. முத்திரையைத் தேட மட்டும் முக்கால் மணி நேரம்.

மிக்சியையோ தையல் மெஷினையோ ரிப்பேர் கடையில் மறந்துவிட்டால் நஷ்டம் மிக்சியோடு முடிந்தது. துப்பாக்கி அப்படி இல்லை, அது கடையில் இருக்கும் ஒவ்வொரு நாளும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் லைசென்ஸ் வைத்திருப்பவன்தான். புதுப்பிக்கும்போது காட்டச் சொல்லுவார்கள், தேர்தலுக்குக் கேட்பார்கள். கையில் துப்பாக்கி இல்லாத நாளில் அந்த ரசீதுதான் உன் துப்பாக்கி. இதைப் புரிந்துகொண்ட பிறகு எனக்கு ஒப்பீட்டின் கணக்கே மாறிப்போனது.

2024 ஆகஸ்டில் தோக்கு வந்தது. மொத்தம் 1,800 ரூபாய், விலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இடது குழலிலும் தோட்டா வெடித்தது. ஆனால் உள்ளே தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார், நம் ஊரில் தலைக்கும் அதுதான், தோசைக்கும் அதுதான், தோக்குக்கும் அதுதான் போல. தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழி விடியற்காலையில் குலசேகரம் பக்கத்தில் பாட்டிலைக் கவிழ்த்தால் எண்ணெய் விழாது, அதே எண்ணெய் விசைக்குள்ளும் உறைந்து, தூசியைப் பிடித்துப் பிசினாகி, ஜனவரியில் பழையபடி டிக். இந்த முறை இரண்டு பக்கமும்.

அப்புறம்தான் மதுரை. மார்த்தாண்டத்திலிருந்து 270 கிலோமீட்டர் வாக்கில் வரும், துப்பாக்கியோடு பேருந்தில் ஏறி ஒவ்வொருவரிடமும் விளக்கம் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை, அதனால் மச்சான் காரில்தான், டீசலும் டோலும் சேர்த்து ஒரு தடவைக்கு 4,500 ரூபாய். கடைக்காரர் முகம் கொடுத்துப் பேசுகிற ரகம் இல்லை. ஆனால் முதல் வேலையாக லைசென்ஸ் புத்தகத்தை வாங்கி, லைசென்ஸின் யு.ஐ.என். அடையாள எண்ணிலிருந்து குழல் எண்வரை ரெஜிஸ்டரில் ஏற்றி, ரசீதில் ‘கட்டையில் வலப்பக்கம் கீறல், குழலில் துருப்புள்ளிகள்’ என்றுகூட எழுதினார். பிறகு ஆணித்தலைகளைக் காட்டினார். நல்ல துப்பாக்கியில் திருகாணியின் வெட்டு மயிரிழை மாதிரி மெல்லிசாக இருக்கும், அந்த வெட்டுக்குப் பொருந்துகிற மாதிரி ஸ்க்ரூ டிரைவரையே ராவித்தான் திறக்க வேண்டுமாம். என்னுடையதில் மூன்று ஆணித்தலைகள் நாய் கடித்த எலும்பு மாதிரி இருந்தன. “யாரோ டூவீலர் ஸ்க்ரூ டிரைவரைப் போட்டுத் திறந்திருக்காங்க சார்.” யாரோ என்று நான் சொல்லவில்லை.

குழலை மூடி டியூப்லைட் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். குழலின் பின்முனையும் பாடியும் சேருகிற இடத்தில் நூல் மாதிரி வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கச் சொன்னார். எனக்குத் தெரியவில்லை, அவருக்குக் கொஞ்சம் தெரிந்ததாம், இன்னும் சில வருடம் தாங்கும் என்றார். கடைசியாக ஒரு கேள்வி, எந்தத் தோட்டா போடுகிறீர்கள்? இதுவரை யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. அளந்து பார்த்தால் பாட்டாவின் தோக்கில் தோட்டா உட்காருகிற அறை 65 மில்லிமீட்டர், நான் போட்டுக்கொண்டிருந்தது 70 மில்லிமீட்டர் தோட்டா. உள்ளே சுகமாக நுழைந்துவிடும், ஆனால் வெடிக்கும்போது அதன் வாய் முழுதாக விரிய இடம் கிடைக்காது, அழுத்தம் ஏறிவிடும். பழைய குழலுக்கு அது நல்லதில்லை. ஊசிக்காகப் போன இடத்தில் இது தெரிந்ததற்கே அந்த 4,500 செரித்துவிட்டது.

“நாலு மாசம் ஆகும். நடுவில் போன் பண்ணாதீங்க, நானே பண்ணுவேன்.” நாலு மாதமும் பத்து நாளும் ஆனது. பில் 6,500. இரண்டு தடவை போய்வந்த செலவைச் சேர்த்தால் 15,500, உள்ளூர்க் கணக்கைப் போல எட்டு மடங்குக்கு மேல். ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன், பழைய உதிரிகளைத் திருப்பிக் கொடுங்கள் என்று சொல்லித்தான் போனேன், கொடுக்கவில்லை, கேட்டால் குப்பையில் போட்டாச்சு என்றார்.

திருவனந்தபுரம்தான் உண்மையில் நமக்குப் பக்கம். குழித்துறையிலிருந்து ஒரு மணி நேரத்துச் சொச்சம், பாஷைப் பிரச்சினையும் விளவங்கோட்டுக்காரனுக்குக் கிடையாது. என் பெரியப்பா மகன், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர், அகில இந்திய லைசென்ஸ் வைத்திருக்கிறார், அங்கேதான் கொடுப்பார். பதினோரு நாளில் வேலை முடிந்து வந்ததை என் கண்ணால் பார்த்தேன், குழலுக்குப் புதிதாகக் கறுப்பு ஏற்றியிருந்தார்கள், கட்டையில் எண்ணெய்ப் பளபளப்பு, பார்த்தால் பொறாமையாக இருந்தது. ஆனால் என் லைசென்ஸில் செல்லும் பகுதி தமிழ்நாடு மட்டும். களியக்காவிளையைத் தாண்டினால் அந்தப் புத்தகம் வெறும் புத்தகம்தான். பகுதியைக் கூட்டித் தரச் சொல்லி விண்ணப்பிக்கலாம், அந்தக் கோப்பு நகர்கிற வேகத்தைப் பார்த்தால் உள்ளூர் அண்ணாச்சியே ஓட்டப்பந்தய வீரர். அகில இந்திய லைசென்ஸ் இருக்கிறவர்கள் இரண்டாவது யோசனை இல்லாமல் அங்கே போங்கள். மற்றவர்கள் இந்தப் பாராவை மறந்துவிடுங்கள், ‘நாற்பது கிலோமீட்டர்தானே, யார் பார்க்கப் போகிறார்கள்’ என்கிற யோசனையையும் சேர்த்து.

ஏர் ரைபிள் வைத்திருப்பவர்களும் இதே குறைகளைத்தான் சொல்கிறார்கள், அதனால் சுருக்கமாக. மகள் 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டிக்குப் பழகுகிறாள். 0.177 அங்குலம் வரையிலான குழல், 20 ஜூலுக்கு மேல் போகாத ஆற்றல் என்றால் லைசென்ஸ் வேண்டாம், ஆகவே ரசீதுக் கவலையும் இல்லை, வடக்கே இருக்கும் கம்பெனிக்கு பார்சலில் அனுப்பலாம். ஸ்பிரிங் உடைந்தபோது அனுப்பினோம், மூன்று வாரத்தில் வந்தது, ஸ்பிரிங் அருமை, ஆனால் குறி பார்க்கிற பின்பக்க சைட்டின் திருகு ஒன்றைக் காணோம். அந்தப் போட்டியில் பத்து மதிப்பெண் என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி, சைட் ஆடினால் வீட்டில் நிம்மதி ஆடும். திருகுக்கு மட்டும் ஒன்பது தடவை போன். உள்ளூர் அண்ணாச்சி அதைக் கையில் வாங்கிப் பார்த்து, “இது காத்துதானே மக்கா” என்று சிரித்துவிட்டு, பழைய செருப்புத் தோலில் ஒரு வாஷர் வெட்டிப் போட்டுத் தருகிறேன் என்றார், மகள் என் கையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்துவிட்டாள்.

கைவேலையை மட்டும் பார்த்தால் திருவனந்தபுரம், மதுரை, கொஞ்சம் இடைவெளி விட்டு உள்ளூர். காசைப் பார்த்தால் அப்படியே தலைகீழ். என் கணக்கில் இரண்டுமே பின்னால்தான், ரசீதுதான் முதலில். அதை ஒழுங்காக எழுதுகிறவர் தேதியையும் ஓரளவுக்கு ஒழுங்காகச் சொல்கிறார், எழுதச் சோம்பல் படுகிறவரின் வெள்ளிக்கிழமை வருவதே இல்லை.

போன மாதம் நண்பர் ஒருவருக்காக வேறு ஒரு கடைக்கு போன் போட்டேன். வேலை என்ன, விலை என்ன என்று ஒன்றும் கேட்கவில்லை, ரசீதில் குழல் நம்பர் போட்டுத் தருவீர்களா என்று மட்டும் கேட்டேன். “அதெல்லாம் எதுக்கு சார், ஒரு நம்பிக்கைதானே” என்றார். சரிங்க என்று வைத்துவிட்டேன். நண்பரின் தோக்கு அடுத்த வாரம் மதுரைக்குப் போகிறது, டீசல் பாதி என் பங்கு, ஏனென்றால் எனக்கும் அங்கே 65 மில்லிமீட்டர் தோட்டாவைப் பற்றி விசாரிக்க வேண்டியிருக்கிறது.